ஒரு டிஸ்க் போன பிறகு எவ்வளவு மிஞ்சும்?

மூன்று சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 3.84 டெராபைட் எஸ்எஸ்டி நான்கு. மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில், பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் செஃபைப் போட்டு விஎம்-களை ஓட்ட நினைக்கும் சிறிய அலுவலகத்துக்கு இப்படி ஒரு கொட்டேஷன் வருவது சகஜம். கீழே தடித்த எழுத்தில் "மொத்தம் 46 டெராபைட்" என்று இருக்கும். கூட்டல் சரிதான், ஆனால் ஏட்டுச் சுரைக்காய்.

டிஸ்க் தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். செஃப் 1024 கணக்கில் எண்ணி டெபிபைட்டில் காட்டும். அதனால் 3.84 என்பது திரையில் 3.49 ஆகிவிடும், பன்னிரண்டுக்கும் சேர்த்து 41.9. ஒவ்வொரு தரவுக்கும் மூன்று சர்வரிலும் ஒரு நகல் இருக்க வேண்டும் என்பதால் மூன்றால் வகுத்தால் 13.97. இதுவரை எல்லோரும் ஒழுங்காகப் போட்டுவிடுகிறார்கள். சறுக்குவது அடுத்த படியில்.

ஒரு டிஸ்க் 85 சதவீதம் நிரம்பினால் செஃப் எச்சரிக்கும். 90-ல் அதன்மேல் புதிதாக நகல் ஏற்றாது. 95-ல் எழுதுவதே நின்றுவிடும். ஒரே ஒரு டிஸ்க் அந்த எல்லையைத் தொட்டாலும் அதைப் பயன்படுத்தும் பூல் (விஎம்-களின் தரவு இருக்கும் செஃப் பகுதி) முழுவதும் நிற்கும். விஎம்-கள் பிழை எதுவும் சொல்லாமல் அப்படியே உறைந்து போகும். சராசரியைப் பார்த்து நிம்மதியடைய முடியாததற்கு இதுதான் காரணம். தரவை டிஸ்க்குகளுக்குச் சமமாகப் பங்கிடும் பேலன்சர் அணைந்து கிடக்கும் கிளஸ்டரில் (சர்வர் தொகுப்பில்) சராசரி 70 இருக்கும்போதே ஏதாவது ஒரு டிஸ்க் 80-ல் நிற்கலாம்.

இப்போது ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்று வையுங்கள். இயல்பான அமைப்பில் 10 நிமிடம் பொறுத்துவிட்டு, செஃப் அதைக் கணக்கிலிருந்து நீக்கி, இழந்த நகல்களை வேறிடத்தில் உண்டாக்கத் தொடங்கும். எந்த வேறிடம்? மூன்றே சர்வர், மூன்று நகல், சர்வருக்கு ஒன்று என்பது விதி. ஆக, செத்த டிஸ்க்கின் பாரம் அதே சர்வரில் மிச்சமிருக்கும் மூன்று டிஸ்க்குகள் தலையில்தான் விழும். அந்த மூன்றும் 85-ஐத் தாண்டக் கூடாது என்றால், நான்கும் நலமாக இருக்கும்போதே 64 சதவீதத்துக்குமேல் நிரப்பக் கூடாது. 13.97-ல் 64 சதவீதம் ஏறத்தாழ 8.9 டெபிபைட். விஎம்-களுக்குத் தைரியமாகக் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான்.

இதே மொத்தக் கொள்ளளவை வேறு விதமாக வாங்கியிருந்தால்? சர்வருக்கு 7.68 டெராபைட் டிஸ்க் இரண்டு என்றால், ஒன்று போனதும் மற்றது முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும், 42.5 சதவீதத்தில் நிறுத்தியாக வேண்டும், கிடைப்பது 5.9. சர்வருக்கு 1.92 டெராபைட் எட்டு என்றால் 74 சதவீதம் வரை போகலாம், கிடைப்பது 10.4. "ஸ்லாட் மிச்சமாகும்" என்று பெரிய டிஸ்க் இரண்டை விற்பவர் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. எட்டுக்கும் விலை உண்டு: ஒவ்வொரு ஓஎஸ்டியும் (டிஸ்க்குக்கு ஒன்றாக ஓடும் செஃப் நிரல்) இயல்பில் 4 ஜிபி ரேம் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். சர்வருக்கு 32 ஜிபியை விஎம்-களுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும். நான்கு என்பது நடுவழி. ரேம் இருந்தால் ஆறு இன்னும் நல்லது.

இடம் போதவில்லை என்று ஒரே ஒரு சர்வரில் மட்டும் பெரிய டிஸ்க்கைச் செருகுவது பரவலாக நடக்கும் வீண்செலவு. மூன்று நகல் மூன்று சர்வர் அமைப்பில் மிகச் சிறிய சர்வர்தான் அளவுகோல். வாங்கினால் மூன்றாக வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும், மூன்று 3.84-க்கு நடுவே ஒரு 7.68 நுழைந்தால் தரவும் வேலையும் அதற்கு இரட்டிப்பாகப் போகும். அது செத்தால் மீதி மூன்றும் தாங்க, பாதுகாப்பான எல்லை 51 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

"இரண்டு நகல் போதுமே, இடம் ஒன்றரை மடங்காகுமே" என்ற யோசனை கட்டாயம் வரும். குறைந்தபட்சம் இரண்டு நகல் இருந்தால்தான் எழுதலாம் என்று வைத்தால், ஒரு டிஸ்க் போனாலே அதில் நகல் வைத்திருந்த விஎம்-கள் நிற்கும். ஒன்று போதும் என்று தளர்த்தினால், அந்த ஒற்றை நகலில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கும்போதே அதுவும் போனால் மீட்க எதுவும் இல்லை. ஒரே பேட்சில் வாங்கிய டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போவதைப் பார்த்தவர்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நெட்வொர்க்கையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். 64 சதவீதம் நிரம்பிய ஒரு டிஸ்க்கில் 2.2 டெபிபைட் இருக்கும். அவ்வளவும் மற்ற சர்வர்களிலிருந்து இந்த ஒரு சர்வரின் கேபிள் வழியே உள்ளே வர வேண்டும். 1 ஜிகாபிட்டில் முழு வேகத்தில் ஓடினாலும் 5 மணி நேரத்துக்கு மேல். அதே பாதையில் விஎம்-களும் எழுதிக்கொண்டிருக்கும். 10 ஜிகாபிட் இல்லாமல் தொடங்காமலிருப்பதே மேல்.

எஸ்எஸ்டியில் மின்தடைப் பாதுகாப்பு (திடீரென மின்சாரம் போனாலும் எழுதிக்கொண்டிருந்ததைக் காக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத சாதாரண டெஸ்க்டாப் எஸ்எஸ்டியின் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் செஃபில் கிடைக்காது. எழுதும் ஒவ்வொன்றும் உண்மையாகவே டிஸ்க்கில் பதிந்ததா என்று செஃப் உறுதிகேட்கும், அங்கே அந்த எஸ்எஸ்டி திணறும். டிஸ்க்குகளைத் தானே ஒன்றாக்கி மறைக்கும் ரெய்டு கார்டு வேண்டாம், டிஸ்க்கை நேரடியாகக் காட்டும் எச்பிஏ கார்டு போதும்.

கடைசியாக, கொடுத்த இடம் தானாகத் திரும்பாது. விஎம்-க்குள் 500 ஜிபி கோப்பை அழித்தாலும் செஃபில் அது அப்படியே கிடக்கும். மெய்நிகர் டிஸ்க்கில் டிஸ்கார்டு தேர்வை (அழித்த இடத்தைத் திருப்பித் தரும் வசதி) இயக்கி, லினக்ஸ் விஎம்-களில் காலியான இடத்தைத் தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை வாரம் ஒருமுறை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஸ்னாப்ஷாட்டுகள் (விஎம் முன்பு இருந்த நிலையின் பதிவுகள்) இருந்தால் அதுவும் பலிக்காது. முதலில் அவற்றை அழிக்க வேண்டும். எச்சரிக்கையை 85-க்கு விட்டுவைக்காமல் 55-ல் வைத்தால், மூன்று டிஸ்க்குக்கு ஆர்டர் போட்டு, அவை வந்து சேரும் வரை தாக்குப்பிடிக்கலாம்.