இஸ்திரி வண்டிக்கு 90 நொடி: ஒரு ட்ரெய்லர் நாட்குறிப்பு

பிப்ரவரி 8, சனி

படம் இன்னும் எடிட்டில் கிடக்கிறது, அதற்குள் ட்ரெய்லர் கேட்கிறார்கள். மார்ச் கடைசியில் துறை விழா, எல்லாக் குழுவும் 90 நொடிக்குள் ஒன்று தர வேண்டுமாம். எங்கள் படம் 22 நிமிடம். மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருமுனையில் துணி தேய்க்கிற அக்காவைப் பற்றியது, நடித்ததும் அவரே. ஒரு மகள், ஒரு வாடிக்கையாளர், ஒரு வெள்ளைச் சட்டை, அவ்வளவுதான் கதை. சட்டை கருகக்கூட இல்லை. ஸ்கிரிப்ட் கொடுத்தபோதே வகுப்பு எடுக்கிற சார் கேட்டார், "என்னப்பா, ஒண்ணுமே நடக்கலையே?" நடக்குது சார், மெதுவா நடக்குது என்றேன்.

இப்போது அந்த மெதுவை 90 நொடிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் தலைவலி. ட்ரெய்லர் என்பதே ஆளைக் கூவி அழைக்கிற வேலை. வேகமாக வெட்ட வேண்டும், பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்க வேண்டும், கடைசியில் ஒரு பெரிய 'டொம்' வேண்டும். யதார்த்தப் படமோ, ஒரு வேலை ஆரம்பித்தால் அது முடிகிறவரை கூடவே நின்று பார் என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க முடியுமா தெரியவில்லை. முடியாது என்றுதான் கேமரா பிடித்த நண்பன் சொல்கிறான், அவனுக்கு எப்போதுமே எதுவும் முடியாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாள் முழுக்க ஃபுட்டேஜ் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, வகுப்பில் போட்ட 'உம்பெர்த்தோ டி' (1952) ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. இத்தாலிய இயக்குநர் டி சிகா எடுத்தது. அதில் வீட்டு வேலைக்காரப் பெண் காலையில் எழுந்து சமையலறைக்கு வருவாள், அடுப்பைப் பற்றவைப்பாள், சுவரில் ஊரும் எறும்புகள் மேல் தண்ணீரை விடுவாள், காப்பிக்கொட்டை அரைப்பாள். கதைக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும், அதனால் அந்தக் காப்பி அரைக்கிற நேரம் முழுக்க நமக்கு நெஞ்சு கனக்கும். அந்தப் படத்துக்கு இன்று ஒரு ட்ரெய்லர் வெட்டச் சொன்னால் முதலில் தூக்குவது அந்தச் சமையலறையைத்தான். எனக்கென்னவோ படமே அங்கேதான் இருக்கிறது என்று தோன்றும்.

எங்களிடமும் அப்படி ஒரு ஷாட் இருக்கிறது. அக்கா அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்து, தண்ணீர் தெளித்து, காலரில் ஆரம்பிக்கிறார். கேமரா ஸ்டாண்டில், அசையாமல். அதைக் குறித்து வைத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

எடிட் பண்ணுகிற தோழி முதல் கட் போட்டுக் காட்டினாள். கை தேர்ந்தவள், சந்தேகமே இல்லை. இஸ்திரிப் பெட்டி மேலே எழுகிறது, கட், கங்கு பறக்கிறது, கட், அக்கா நிமிர்ந்து பார்க்கிறார், கட், கறுப்பு, 'டொம்'. ஹாஸ்டலில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "மாஸ் மச்சான்! யாரை அடிச்சுக் கொல்லுது அந்தம்மா?" என்றான் ஒருத்தன்.

அதுதான் விஷயம். அதே ஷாட்டுகள், அதே முகம், ஒரு பிரேம்கூட பொய்யில்லை, ஆனால் அடுக்கிய விதத்தில் கரிப்பெட்டி கொலை ஆயுதமாகிவிட்டது. தெருவில் போய் எடுத்துவிட்டால், நடிகர் இல்லாதவரை நடிக்க வைத்துவிட்டால் யதார்த்தம் வந்துவிடும் என்பதெல்லாம் எடிட் டேபிள் வரைக்கும்தான். இந்த வரி என் ரிப்போர்ட்டில் வரும், சார் அடித்துவிடாமல் இருந்தால்.

பிப்ரவரி 15, சனி

காலை ஆறரைக்கு ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனோம். ட்ரெய்லருக்குச் சத்தம் தனியாக வேண்டும். ஷூட் சமயத்தில் எடுத்த லைவ் சவுண்டில் பாதிக்குமேல் ஆட்டோ ஹாரன்.

அக்கா அப்போதுதான் பெட்டியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கொட்டாங்கச்சிக் கரியை அள்ளிப் போட்டு, மேலே ரெண்டு கங்கு வைத்து, மூடியைத் திறந்தபடி காற்று வருகிற பக்கம் திருப்பி வைத்தார். முதலில் படபடவென்று பொரிகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, கரி மேல் சாம்பல் பூக்கும். அப்போது பெட்டியைக் கைப்பிடியோடு தூக்கி வண்டிக்கு வெளியே நீட்டி முன்னும் பின்னும் வீசி ஆட்டுவார், சாம்பல் உதிர. இல்லாவிட்டால் வெள்ளைத் துணியில் இறங்கிவிடும். அதற்கப்புறம் விரலைத் தண்ணீரில் நனைத்து அடிப்பக்கம் ஒரு சுண்டு. 'சுய்ங்' என்றால் போதாது, 'ச்ச்' என்று சட்டென்று அறுந்து நின்றால்தான் காட்டன் சட்டைக்குச் சூடு சரி. இதை எனக்கு இரண்டு தரம் செய்து காட்டினார். மைக்கில் அந்த வித்தியாசம் அப்படியே விழுந்திருக்கிறது.

பித்தளைப் பெட்டி. தூக்கச் சொல்லிக் கொடுத்தார், ஒரு கையால் என்னால் நேராகப் பிடிக்கவே முடியவில்லை. "கேஸ் பெட்டி வாங்கலாமேக்கா" என்றதற்கு, "வாங்கலாம் தம்பி, முட்டுவலி போகும். ஆனா எம்பொண்ணு ஃபீஸ் கட்டிட்டு வாங்குறேன்" என்றார். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. இதை ட்ரெய்லரில் போடலாம் என்று தோழி குதித்தாள். போட்டால் எல்லாருக்கும் கண் கலங்கும், வேலை முடிந்தது. கூடாது என்றேன். நாங்கள் எழுதாத, அவர் எங்களிடம் பேசிய பேச்சு அது. படத்துக்காகச் சொன்னதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இசை வேண்டுமா என்று சண்டை. யதார்த்தப் படத்துக்கு பிஜிஎம் கூடாது என்று நண்பன் சட்டம் பேசுகிறான். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தில் கதாநாயகனாக நடித்தவர் நிஜமான தொழிற்சாலைத் தொழிலாளி, ஆனால் பின்னணியில் முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும். அந்தக் கால இத்தாலியப் படங்களில் பேச்சையே பெரும்பாலும் பின்னால்தான் சேர்த்தார்கள். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு ரவிசங்கர் சிதார். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில்கூட இளையராஜா இருக்கிறார். 1999இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய 'ரோஸெட்டா' போல பின்னணி இசையே இல்லாத படங்களும் உண்டு. ஆக, இது கொள்கை இல்லை, தேவை.

எங்களுக்குத் தேவை இல்லை என்று கடைசியில் முடிவானது. காரணம் வேறு. அக்காவின் பெட்டி துணியில் சறுக்குகிறது, திரும்புகிறது, இரும்புத் தட்டில் 'டங்' என்று உட்காருகிறது. அதிலேயே ஒரு தாளம் இருக்கிறது. மேலே வயலின் போட்டால் அது கேட்காது.

பிப்ரவரி 20, வியாழன்

வகுப்பில் இரண்டாவது கட் போட்டோம். வந்த யோசனைகள் எல்லாம் ஒரே ரகம்: கேமரா கொஞ்சம் ஆடினால் 'ரா'வாக இருக்கும், கலரைக் கொஞ்சம் மங்க வைத்துப் பழுப்பு ஏற்றினால் 'ரியலாக' இருக்கும். எனக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன் (முழுக்க இல்லை). அந்தத் தெரு பழுப்பு இல்லை. எதிர்வீட்டு காம்பவுண்டு கிளிப்பச்சை, அக்கா கட்டியிருந்தது ரோஸ் நிறச் சேலை, வண்டியில் நீலத் தார்ப்பாய். ஏழைகள் வாழ்கிற இடத்தில் கலர் இருக்காது என்று யார் சொன்னது?

மகளின் வீட்டுக் காட்சியும் அப்படித்தான். உள்ளே இருந்தது ஒரே ட்யூப்லைட், அதிலேயே எடுத்தோம். நொடிக்கு 24 பிரேம், ஷட்டர் 1/50 நொடி, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அப்படி எடுத்தால் படத்தில் ட்யூப்லைட் சிமிட்டல் வராது. பகல் காட்சிக்கு வாசல் வெயிலை ஒரு வெள்ளை வேட்டியில் வாங்கி உள்ளே திருப்பினோம். ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1956இல் 'அபராஜிதோ'வுக்காக, ஸ்டுடியோவில் போட்ட காசி வீட்டு செட்டின் முற்றத்துக்கு மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்கை அதில் அடித்து வானத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். அவருடையது செட், எங்களுடையது நிஜ வீடு. இருந்தும் அவருடையதுதான் நிஜமாகத் தெரிகிறது, அது வேற லெவல்.

சார் மட்டும் ஒன்று உருப்படியாகக் கேட்டார்: "இதைப் பார்த்துட்டு ஒருத்தன் எதுக்கு படம் பார்க்க வரணும்?" நியாயமான கேள்வி. ராத்திரி முழுக்க அதுதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் அக்காவிடம் போனில் காட்டினேன். தன் முகம் வந்தபோது சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"தம்பி, இதுல முதுகைத் தேச்சுட்டு காலருக்கு வரேன்."

"ட்ரெய்லர்தானேக்கா, அங்கங்க வெட்டிப் போடுறது..."

"எதுனா இருக்கட்டும். காலர் முதல்ல, அப்புறம் கை, அப்புறம் முதுகு, பட்டன் பக்கம் கடைசி. இதை எவனாவது பார்த்தா, தொழில் தெரியாதவன்னு என்னைத்தான் சொல்லுவான்."

நடிப்பைப் பற்றியோ, அழகாக வந்திருக்கிறாரா என்றோ ஒரு வார்த்தை இல்லை. யதார்த்தம் பற்றி இந்த செமஸ்டரில் நான் கேட்ட விமர்சனங்களில் இதுதான் துல்லியம். நாங்கள் ரிதம், டெக்ஸ்சர் என்று பேசிக்கொண்டிருந்தோம், அவர் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்த்தார்.

பிப்ரவரி 26, புதன்

கட் லாக் ஆகிவிட்டது, இனி மாற்றமில்லை. இப்போது இப்படி: கரி பொரியும் சத்தத்தில் ஆரம்பிக்கிறது, திரை கறுப்பு. தெரு, வண்டி, விரல் சுண்டும் 'ச்ச்', மூன்றும் சின்னச் சின்ன ஷாட். அப்புறம் அந்தச் சட்டை. 58 நொடி, வெட்டே இல்லை. காலர், ஒரு கை, இன்னொரு கை. நடுவில் ஃபிரேமுக்கு வெளியிலிருந்து மகள் குரல்: "அம்மா, அவர் கேட்டா என்ன சொல்லட்டும்?" அக்கா பதில் சொல்வதில்லை, சட்டைக் கையைத் திருப்பிப் போட்டுத் தேய்க்கிறார். பெட்டி தட்டில் உட்காருகிறது, படத்தின் பெயர். மொத்தம் 84 நொடி. அந்த 'அவர்' யார், என்ன கேட்பார், அதற்குத்தான் படத்துக்கு வரணும். சாருக்கு இந்தப் பதில் போதுமா தெரியாது, எனக்குப் போதும்.

தோழிக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அவளுடைய கொலைகார 'கட்'டைத் தனியாக வைத்திருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, வேறு படத்துக்கு.

நாளைக்கு முழுப் படத்தின் நாலாவது காட்சியைத் திறக்கணும். அதில் சட்டையை மூன்று கோணத்தில் எடுத்திருக்கிறோம், அங்கேயும் காலருக்கு முன்னால் முதுகு வருகிறதா என்று பார்க்கணும்.