ஆடாத ராடு

"இது ஆடவே இல்லையே, தம்பி?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் பழைய கனெக்டிங் ராடு அவர் கையில் இருந்தது. அதன் பெரிய கண்ணில் பேரிங்கையும் பின்னையும் நான்தான் செருகிக் கொடுத்திருந்தேன். பால்பல் விழப்போகிறதா என்று பிள்ளையின் வாயில் விரல் வைத்துப் பார்ப்பதுபோல, அவர் அதைக் கட்டைவிரலால் மேலும் கீழும் அழுத்திப் பார்த்தார்.

"கைக்குத் தெரியாது அண்ணே, எஞ்சினுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். 780 வெள்ளியை எண்ணி வைத்தார். ராட்டை என்னிடமே நீட்டி, "எனக்கு எதற்கு, நீயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இது நடந்தது 2022-ல், சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் மோட்டார் சைக்கிள் பட்டறையில், தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். ராட்டின் பெரிய கண்ணில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்கின் இடைவெளி மில்லிமீட்டரில் மிகச் சிறிய பங்கு. அது இருமடங்கானாலும் சாதாரண மனிதரின் விரலுக்கு எட்டாது. எஞ்சினோ ஒவ்வொரு சுற்றிலும் அதை உணரும். பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு இதே வார்த்தைகளில்தான் பாடம் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்பே அந்த ராட்டை, நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்து அளந்திருந்தேன். முள் ஒரு கோடுதான் நகர்ந்தது: 0.01 மி.மீ. பக்கவாட்டு இடைவெளி 0.25, அதுவும் எல்லைக்குள். அவர் விரல் சொன்னதையே என் கருவியும் சொல்லியிருந்தது. அது தெரிந்தேதான் அப்படிப் பேசினேன்.

வண்டி ஹோண்டா வேவ் 125. 2006-ல் பதிவானது, 2016-ல் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தது. தீவின் மேற்குக் கோடியில், துவாஸில் காலை ஆறு மணி வேலை. முதல் ரயிலை நம்பினால் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது என்பதால் வடக்கே ஈசூனிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். "2026 வரை இது ஓடியாக வேண்டும், தம்பி" என்று முதல் நாளே சொன்னார். அந்த மாதங்களில் மோட்டார் சைக்கிள் சிஓஇ, அதாவது வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ், 11,000 வெள்ளியைத் தாண்டியிருந்தது. வேறு வண்டி வாங்கும் பேச்சுக்கே இடமில்லை.

நீலப் புகை, இழுவைக் குறைவு, கீழே ஒரு தட்டும் சத்தம். இந்த மூன்றோடுதான் வந்தார்.

முதல் இரண்டையும் நான் முறையாகப் பார்த்தேன். த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஸ்பார்க் பிளக் துளையில் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜைப் போட்டு உதைத்தேன்: 95 பிஎஸ்ஐதான். அதே துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி உதைத்தேன்: 135. எண்ணெய் போய் இடைவெளியை அடைத்ததும் அழுத்தம் ஏறுகிறதென்றால் வால்வில் குறையில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. புகையும் அதையே சொன்னது. வேகம் கொடுக்கும்போது புகைந்தது. மூடிவிட்டுத் திறக்கும்போது வரும் வால்வு சீல் புகை இல்லை. பிறகு கழற்றியபோது எல்லாம் அப்படியே இருந்தன. ரிங்கின் வாய் 0.6 மி.மீ. திறந்திருந்தது. 52.4 மி.மீ. இருக்க வேண்டிய சிலிண்டர் மேல்பக்கம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் அகன்று, ரிங் நின்று திரும்பும் இடத்தில் நகத்தில் தட்டும் வரப்பு விழுந்திருந்தது. 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனுக்காகச் சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கினோம். அந்த வேலையைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒரு சொல் சந்தேகம் இல்லை.

மூன்றாவதை நான் காதால் பார்த்தேன்.

நீளமான திருப்புளியின் முனையை, கிராங்க் சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்பது பழைய வித்தை. அவர் பக்கத்திலேயே நின்றார். வேறு மூன்று வண்டிகள் காத்திருந்தன. எஞ்சின் சூடாக இருந்தது. ஈசூனிலிருந்து பட்டறை இருக்கும் காக்கி புக்கிட் வரை ஓட்டிவந்திருந்தார். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கேட்டிருந்தால் சத்தத்தைப் பிரித்திருக்கலாம். பிஸ்டன் சிலிண்டரில் மோதுகிற சத்தம் குளிரில் உரக்கக் கேட்டு, சூடானதும் தணியும். கிராங்க் பேரிங் போயிருந்தால் சூடாகி எண்ணெய் இளகிய பிறகுதான் மோசமாகும். எண்ணெயை இறக்கி காந்தத்தில் எஃகுத் துகள் ஒட்டுகிறதா என்று பார்க்கலாமென்றால், எண்ணெயைப் போன வாரம்தான் தானே மாற்றியதாகச் சொன்னார். இரவு வண்டியை விட்டுப் போகச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அவருக்குக் காலை வேலை. சொல்லவில்லை.

"கிராங்க் போயிருக்கிறது, அண்ணே" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் இன்னும் உறுதியான குரலில் விளக்கினேன். பிஸ்டன், சிலிண்டர் என்று மேல்வேலை மட்டுமென்றால் 380 ஆகும், கிராங்கோடு சேர்த்தால் 780. கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ சொன்னால் சரி" என்றார்.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் பணம் வாங்கிய நாள் இல்லை. அதற்கு நான்கு நாள் முன்பு, சிலிண்டரைக் கழற்றிய பிற்பகல். வேவ் எஞ்சினில் ஹெட்டையும் பிளாக்கையும் உருவிவிட்டால், கிராங்க் கேஸைப் பிளக்காமலேயே ராட்டைக் கையால் பிடித்துப் பார்க்கலாம். பிஸ்டனின் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன வளையமான சர்க்ளிப் உள்ளே விழாமல் வாயில் துணியை அடைத்து, பிஸ்டனை எடுத்துவிட்டு, ராட்டை மேலே வைத்து நேராக இழுத்துத் தள்ளினேன். மேலும் கீழும் அசைவில்லை. பக்கவாட்டில் அசைந்தது. பக்கவாட்டில் அசையத்தான் வேண்டும். அது தேய்மானம் இல்லை. பதினைந்து ஆண்டு வேலை செய்த எனக்கு அது தெரியாதா? மறுபடி இழுத்தேன். மூன்றாவது முறை இழுத்தபோது மேலும் கீழும் ஏதோ ஒரு துளி அசைவது போலிருந்தது.

இருந்ததா, இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. எண்ணெய்ப் படலம் நசுங்குவதும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒன்று தெரியும். வாடிக்கையாளர் முன்னால் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டிருந்தேன். என் கை அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் முதல் இழுப்பிலேயே விட்டிருப்பேன்.

கேஸைப் பிளந்தேன். இடது பக்கம் ஃப்ளைவீலைக் கழற்றும்போதே உண்மை வெளியே வந்துவிட்டது. வால்வுகளை இயக்கும் கேம் செயினை இழுத்துப் பிடிக்கும் ரப்பர் உருளை பாதி தின்னப்பட்டு, செயின் துள்ளி அலுமினியத்தில் பளபளவென்று தடம் போட்டிருந்தது. அந்த உருளை இருப்பது கீழே, கிராங்கின் பக்கத்தில். சத்தம் கீழிருந்து வந்தது உண்மைதான். என் காது இடத்தைச் சரியாகச் சொல்லியிருந்தது. பொருளைத் தவறாகச் சொன்னது நான்.

அப்புறம்தான் டயல் கேஜை எடுத்தேன். 0.01.

அவரைக் கூப்பிட்டேன். இதை எழுதவே மனம் தயங்குகிறது, ஏனென்றால் எழுதும்போது எனக்குச் சாதகமான சாட்சிபோல ஆகிவிடுகிறது. வேலை நேரத்தில் அவர் கைப்பேசி அலமாரியில் பூட்டியிருக்கும். மணி அடித்தது, எடுக்கவில்லை. மாலையில் அவர் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் மறுபடி கூப்பிடவில்லை. என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பர் எட்டிப் பார்த்து, "திறந்தாயிற்று, மாற்றிவிடு" என்றார். ராடு கிட் வந்துவிட்டிருந்தது, கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். பிரித்த கூலியை யார் தருவது? முதலாளி என்னைக் கேட்டிருப்பார். கேட்டால் பதில் சொல்லியிருக்கலாம்தான். அவர் கத்துவார், கழிப்பார், அவ்வளவே. அந்த அவ்வளவுக்கு நான் அன்றைக்குத் தயாராக இல்லை. கிராங்கை அழுத்திப் பிரித்துப் புது ராடு பூட்டும் பிரஸ் வேலைக்கு அனுப்பினேன்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பதினாறு ஆண்டு ஓடிய பேரிங் அது. மீட்டரில் ஐந்து இலக்கம்தான். எத்தனை முறை சுழன்று பூஜ்யத்துக்கு வந்ததோ. புது பிஸ்டனும் இறுக்கமான ரிங்கும் போட்டு அழுத்தத்தைக் கூட்டினால், அதுவரை சும்மா இருந்த பழைய பிக் எண்ட் அந்தப் பளுவில் சில மாதங்களில் பேசத் தொடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேஸைத் திறந்தபின் பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றாமல் மூடுவது நல்ல மெக்கானிக் செய்கிற வேலை இல்லை. அதிகாலை நான்கரைக்கு, தீவு விரைவுச்சாலையில், லாரிகளுக்கு நடுவே ராடு பிடித்துக்கொண்டு பின்சக்கரம் பூட்டினால் என்ன ஆகும்? அந்த 400 வெள்ளி வீண் என்று யாரும் சொல்ல முடியாது. அழுத்திப் பிரித்து வந்த பின்னை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, அதில் மங்கலாக ஒரு கோடு இருந்தது. தேய்மானத்தின் தொடக்கமாக இருக்கலாம்.

உருளைகள் ஓடிய வெறும் மெருகுத் தடமாகவும் இருக்கலாம்.

இந்த நியாயங்கள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்க முடியும். "கிராங்க் போகவில்லை அண்ணே, நான் தவறாகச் சொன்னேன். ஆனால் திறந்துவிட்டதால் மாற்றுவது நல்லது. கூலி என் தலையில், சாமான் உங்கள் தலையில்" என்று சொல்லியிருந்தால் அவர் சம்மதித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை மறுத்திருப்பார். மறுக்கும் உரிமைதான் அவருக்குக் கிடைக்காமல் போனது. அவர் கேள்வியாகக் கேட்டதற்கு நான் அனுபவசாலியின் பழமொழி போல ஒன்றைச் சொல்லி வாயை அடைத்துவிட்டேன். தெரியாதவரிடம் தெரிந்தவர் அப்படிப் பேசினால் அவர் மேலே என்ன கேட்பார்?

தீபாவளி முடிந்து ஒரு டப்பா முறுக்கோடு வந்தார். வண்டி தையல் இயந்திரம் போல ஓடுகிறதாம். சத்தம் போனது உண்மை; போகவைத்தது சில வெள்ளி விலையுள்ள ரப்பர் உருளையும் புது பிஸ்டனும். அவரோ வேலையிடத்தில் எல்லோரிடமும், "காதை வைத்தே கிராங்க்கைக் கண்டுபிடித்தார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிக் கேள்விப்பட்டு இரண்டு பேர் வந்தார்கள். திருப்புளியை வைத்துக் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்டேன். அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.

அதன்பின் திறக்காமல் நோயின் பெயரைச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். இது நல்ல பழக்கமா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உணவு விநியோகம் செய்யும் ஒரு பெண் வந்தார். வண்டி நின்றால் அன்றைய வருமானம் நிற்கும். "எவ்வளவு ஆகும், என்ன போயிருக்கிறது, இப்போதே சொல்லுங்கள்" என்றார். "திறந்துதான் சொல்ல முடியும்" என்றேன். வேறு பட்டறையில் உடனே சொன்னார்களாம், எஞ்சினையே மாற்றச் சொல்லி. மாற்றிவிட்டார். அவர் சொன்ன அறிகுறிகளை வைத்து எனக்குத் தோன்றியது வெறும் கிளட்ச் டாம்பர் ஸ்ப்ரிங். தோன்றியதைச் சொல்லியிருந்தால் அவருக்குப் பெரிய தொகை மிஞ்சியிருக்கும். ஒருமுறை தவறாகப் பேசியதற்கு இன்னொருவரிடம் வாயை மூடிக்கொண்டு பரிகாரம் செய்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

இந்த ஆண்டு அவருடைய சிஓஇ முடிகிறது. போன வாரம் வந்திருந்தார். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் பாதித் தொகைதான், ஆனால் அதற்குமேல் நீட்டிக்க முடியாது. பத்துக்குப் போனால் அவருக்கே எழுபதை நெருங்கிவிடும். இதையெல்லாம் வீட்டில் பேசிவிட்டுத்தான் வந்திருந்தார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எஞ்சின் தாங்குமா தம்பி? நீ சொன்னால் பணத்தைக் கட்டிவிடுகிறேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டல் இல்லை, புகை இல்லை. நான் போட்ட அந்த ராட்டின்மேல்தான் அது ஓடுகிறது. இன்னும் ஐந்து ஆண்டு தாங்கும் என்று இன்று என்னால் தைரியமாகச் சொல்ல முடிவதற்கும் அதுவே காரணம். பழைய ராடு உள்ளே இருந்திருந்தால் இவ்வளவு நம்பிக்கையோடு சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். அப்படி யோசிப்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதையும் யோசித்தேன்.

"சனிக்கிழமை வண்டியை விடுங்கள் அண்ணே. குளிர்ந்த எஞ்சினாக வேண்டும், இரவு இங்கேயே இருக்கட்டும். கம்ப்ரெஷன் பார்த்து, எண்ணெய் இறக்கிப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். சரி என்றார்.

அவர் போனபின் கருவிப் பெட்டியின் அடி இழுப்பறையிலிருந்து அந்த ராட்டை எடுத்தேன். எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்ததால் துரு இல்லை. பேரிங்கையும் பின்னையும் செருகி, மேலும் கீழும் அழுத்திப் பார்த்தேன். சனிக்கிழமைக்காக அதை மேசைமேல் வைத்திருக்கிறேன். இதோடு மூன்று முறை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, மறுபடி வெளியே எடுத்துவிட்டேன்.