காட்சிமுனையோடு நின்றுவிடாதீர்கள்: மேற்கு அமெரிக்கப் பூங்காக்களில் ஒருநாள் நடைகள்

கலிபோர்னியாவில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் இந்நாட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்குகின்றன. நீண்ட வார இறுதி வந்ததும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன், சயான் என்று ஒரு பெரிய சுற்று சுற்றி, ஒவ்வொரு காட்சிமுனையிலும் கால் மணி நேரம் நின்று படமெடுத்துக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். ஃப்ரீமாண்டுக்கு வந்த புதிதில் நாங்களும் அந்தச் சுற்றை ஆசையோடு போய்வந்தவர்களே. ஆனால் இந்த நிலம் எங்களுக்குப் பழகியது, வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான். அதனால் புதிதாக வருபவர்கள் எங்கே போகலாம் என்று கேட்டால், ஒரே பயணத்தில் நான்கு பூங்காக்கள் வேண்டாம், ஒரே பூங்காவில் ஒரு முழு நாள் நடங்கள் என்றுதான் சொல்லிவருகிறேன்.

முதல் நடைக்கு நான் சொல்வது கலிபோர்னியாவிலேயே உள்ள யோசமிட்டி தேசியப் பூங்காவின் மிஸ்ட் டிரெயில். ஹேப்பி ஐல்ஸ் நிறுத்தத்தில் ஷட்டில் பேருந்தை விட்டு இறங்கியதும் மெர்சிட் ஆற்றை ஒட்டியே பாதை ஏறுகிறது. முக்கால் மைலுக்குச் சற்று மேல் நடந்தால் ஒரு மரப்பாலம் வரும்; வெர்னல் அருவி முதன்முதலாகக் கண்ணில் படுவது அங்கேதான். முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் அதுவரை வந்து திரும்பினாலே அந்த நாள் வீணாகாது. பாலத்துக்கு அப்பால் 600க்கும் மேற்பட்ட கருங்கல் படிகள் தொடங்குகின்றன. மே, ஜூன் மாதங்களில் பனி உருகி ஆறு பெருகியிருக்கும்போது, 317 அடி உயரத்திலிருந்து விழும் நீரின் சாரல் படிகளின் மேல் மழையாகவே பெய்யும். நனையாமல் ஏற வழியில்லை. படிகள் ஒரே அளவில் இல்லை, சில முழங்கால் உயரம், சிலவற்றில் பாதி பாதம்தான் வைக்க முடியும், எல்லாமே வழவழவென்று நனைந்திருக்கும். ஆகவே நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம். வெயில் முதுகுப்புறம் இருக்கும் நேரத்தில் திரும்பிப் பார்க்காமல் அருவியையே பார்த்து ஏறினால், சாரலில் வானவில் நம் கால்மட்டத்துக்கே இறங்கி நிற்பதைக் காணலாம்.

என் தந்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது, பாலத்தில் நின்று மேலே ஏறிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து, "ஏம்மா, மேலே என்ன கோயில் இருக்கு?" என்று கேட்டார். பழனிப் படிகளையும் வெள்ளியங்கிரியையும் ஏறியவருக்கு அது இயல்பான கேள்வி. "கோயில் இல்லப்பா, தண்ணிதான்" என்றேன். "அப்ப சரி, போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று பாலத்தருகே ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் திரும்பியபோது, போவோர் வருவோரிடம் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

அருவியின் உச்சியில் எமரால்டு பூல் என்ற தடாகம் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்ப வேண்டாம். கம்பித் தடுப்பைத் தாண்டி நீரில் கால் வைத்த மூன்று இளைஞர்கள் 2011 ஜூலையில் அங்கிருந்து அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். நம் ஊரில் அருவி என்றால் தலையைக் கொடுத்துக் குளிக்கும் இடம். அந்தப் பழக்கத்தை இங்கே முழுவதுமாகக் கைவிட்டுவிட வேண்டும். தெம்பு மிச்சமிருப்பவர்கள் நெவாடா அருவி வரை ஏறி, ஜான் மியூர் டிரெயில் வழியாக நனையாத பாதையில் இறங்கலாம்.

பாதைக்குப் பாதை பலகையில் எழுதியிருக்கும் மைல் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை அடி ஏற்றம் என்பதையே முதலில் பாருங்கள். ஆயிரம் அடி ஏற்றம் என்பது நூறு மாடிக் கட்டடத்தைப் படிவழியே ஏறுவதற்குச் சமம். வெர்னல் அருவிக்குப் போய்வர 2.4 மைல்தான், ஆனால் ஏற்றம் ஆயிரம் அடி. கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய நாம் எட்டாயிரம் அடி உயரத்துக்குப் போனால் மூச்சு வாங்கும். முதல் நாளே பெரிய ஏற்றம் வேண்டாம்.

கிராண்ட் கேன்யனில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம்; களைத்த கால்களோடு மேலே வர வேண்டும். சவுத் கைபாப் பாதையில் ஊ ஆ பாயின்ட் வரை போய்வர 1.8 மைல், சீடர் ரிட்ஜ் வரை 3 மைல். விளிம்பிலிருந்து பார்க்கும்போது படமாகத் தெரியும் பள்ளத்தாக்கு, இந்தப் பாதையில் இரண்டு திருப்பம் இறங்கியதும் நம்மைச் சுற்றி எழுந்து நிற்கிறது. வழியில் குடிநீர் கிடையாது, நிழலும் அரிது. இறங்க ஆகும் நேரத்தைப் போல இருமடங்கு நேரத்தை ஏறுவதற்கு ஒதுக்குங்கள். கோடையில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை பள்ளத்தாக்குக்குள் நடக்க வேண்டாம் என்று ரேஞ்சர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். ஒரே நாளில் கொலராடோ ஆறு வரை இறங்கித் திரும்ப நினைக்க வேண்டாம் என்றும் அவர்கள் வலியுறுத்திச் சொல்கிறார்கள். கோவேறு கழுதைகள் வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும்.

அருகிலுள்ள பிரைட் ஏஞ்சல் பாதையில் இருக்கும் சோலைக்கு 2022இல் ஹவசுப்பாய் கார்டன்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே வாழ்ந்து பயிர் செய்த ஹவசுப்பாய் பூர்வகுடி மக்களில் கடைசியாக எஞ்சியிருந்தவரையும் 1928இல் பூங்கா நிர்வாகம் வெளியேற்றியது. பிறந்த மண்ணை விட்டு வந்து இங்கே வேர் பிடிக்கும் நாம், நாம் நடக்கும் மண் யாருடையதாக இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

யூட்டா மாநிலத்தின் சயான் பூங்காவில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஏற 2022 ஏப்ரல் முதல் குலுக்கலில் அனுமதி பெற வேண்டும். செங்குத்தான விளிம்பும் சங்கிலியும் உள்ள அந்தப் பாதையைப் பிள்ளைகளோடு போகும் குடும்பங்களுக்கு நான் சொல்வதில்லை. ரிவர்சைடு வாக் போதும்: தளம் போட்ட பாதை, போய்வர 2.2 மைல், பெற்றோரையும் அழைத்துப் போகலாம். அது முடியும் இடத்தில் நாரோஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அங்கே ஆறுதான் பாதை. தொலைவில் எங்கோ மழை பெய்தாலும் இங்கே திடீர் வெள்ளம் வரும் என்பதால், அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பார்க்காமல் ஆற்றில் இறங்கக் கூடாது.

அதே மாநிலத்தின் பிரைஸ் கேன்யனில் குயின்ஸ் கார்டன், நவஹோ லூப் என்ற இரண்டு பாதைகளையும் இணைத்து நடங்கள். மூன்று மைலுக்குள் செங்கல் நிறப் பாறைத்தூண்களின் நடுவே போய்வந்துவிடலாம். வட கலிபோர்னியாவில் லாசன் பூங்காவின் பம்பஸ் ஹெல்லில் கொதிக்கும் சேற்றுக் குழிகள் உள்ளன. அந்த இடத்துக்குப் பெயர் தந்த வழிகாட்டியே நிலத்தின் மேலோடு உடைந்து கால் உள்ளே போய், வெந்து, பிறகு அந்தக் காலையே இழந்தவர். மரப்பலகைப் பாதையை விட்டு ஓர் அடியும் விலகக் கூடாது.

உணவுக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் போல இந்த நடைகளுக்கு ஏற்றது வேறில்லை. வியர்வையில் போன உப்பும் திரும்பக் கிடைக்கும். ஆனால் யோசமிட்டியில் இரவு தங்கினால் சாப்பாட்டுப் பாத்திரம், ஊறுகாய் டப்பா, பற்பசை எதையும் வண்டியில் விடக் கூடாது. கரடி கதவைப் பிய்த்துவிடும். அதற்கென வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுங்கள். ஆரஞ்சுத் தோலும் வாழைப்பழத் தோலும்கூட நம் பையிலேயே திரும்பி வர வேண்டும். குறுகிய பாதையில் ஏறிவருபவருக்கே முதல் வழி.

நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தக் கல்வியாண்டு முழுவதும் குடும்பத்துக்கே நுழைவுக் கட்டணம் இல்லாத அனுமதிச் சீட்டைப் பெறலாம். எங்கள் இளையவள் வரும் செப்டம்பரில் நான்காம் வகுப்பில் இருப்பாள். அடுத்த ஆகஸ்டில் அந்தச் சீட்டு முடிவதற்குள், காட்டுப்பூக்கள் பூத்திருக்கும் நேரம் பார்த்து, வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலையின் ஸ்கைலைன் பாதையை நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம்.