என் காதுக்குள் ஒரு சுத்தியும் பட்டடையும்

எனக்கு 46 வயது. குடியாத்தத்தில் சின்னதாக ஒரு நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வருஷம் தை மாதக் கடைசியில் வேலூரில் இடது காதுக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். காதுக்குள் அரித்துப்போயிருந்த எலும்பைச் சரிசெய்து, செவிப்பறையில் இருந்த ஓட்டையையும் அடைத்தார்கள். "நரம்பு போச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு தடவை ஒழுங்காகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பத்து வயதிலிருந்தே சளி பிடித்தால் இடது காதில் சீழ் வடியும். அம்மா பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவாள். நிற்கும், அடுத்த மழைக்கு மறுபடி வரும். அந்த எண்ணெயும் கிணற்றுக் குளியலும் காதை இன்னும் கெடுத்தன என்பது இப்போதுதான் தெரியும். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

வளர வளரச் சீழ் குறைந்தது, கேட்பதும் குறைந்தது. வாடிக்கையாளர்கள் வலது பக்கமே உட்காரும்படி பட்டறைப் பலகையைத் திருப்பிப் போட்டேன். ரோட்டில் ஹாரன் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. ஒரு காது மட்டும் நன்றாகக் கேட்பவர்களுக்கு இந்தத் திகைப்பு புரியும். 12 வருஷத்துக்கு முன்னால் காது மிஷின் விற்கும் கடை ஒன்றில் காட்டினேன். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி இத்தனை வருஷம் போயிற்று. இன்னும் எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

போன ஐப்பசி மழையில் மறுபடி சீழ் வந்தது. "என்னங்க, தலைகாணி உறையெல்லாம் நாத்தம். இந்த வாரம் நீங்க வேலூர் போறீங்க, நானும் வரேன்" என்று வீட்டில் ஒரே பிடியாக நின்றாள். காலை ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேலூர் ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஜனங்கள் வந்து லாட்ஜில் தங்கிப் பார்க்கிற ஊர் அது. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்ட நாங்கள் காத்திருப்பதில் சலித்துக்கொள்ள முடியுமா?

டாக்டரம்மா முதலில் ஒரு இசைக்கவையை, அதாவது தட்டினால் ரீங்காரம் போடுகிற இரண்டு முனை உலோகக் கவையை, தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?" என்றார். இடது பக்கம் கேட்டது. கேட்காத காதில்தான் சத்தம் பலமாக இருந்தது! தப்பாகச் சொல்கிறோமோ என்று தயங்கித்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "நல்ல சேதிங்க. நரம்பு போயிருந்தா வலது பக்கம் கேட்டிருக்கும். உங்களுக்குச் சத்தம் உள்ளே போற வழியிலதான் தடை. நரம்பு உயிரோட இருக்கு" என்றார். அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் செய்யாத இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்புறம் சத்தம் புகாத கண்ணாடி அறையில், எவ்வளவு சத்தம் வைத்தால் கேட்கிறது என்று அளந்து கோடாக வரைகிற ஆடியோகிராம் எடுத்தார்கள். காற்று வழியாக இடது காதுக்கு 52 டெசிபல் வைத்தால்தான் கேட்டது. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவி வைத்தபோது 12 டெசிபலிலேயே கேட்டது. நடுவில் இருக்கிற இந்த 40 டெசிபல் இடைவெளியைக் குறைப்பதுதான் ஆபரேஷனின் வேலை. உங்கள் ரிப்போர்ட்டில் காற்று வழி, எலும்பு வழி என்று இந்த இரண்டு கோடுகளும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

படம் வரைந்து விளக்கினார். செவிப்பறைக்கு உள்ளே மூன்று குட்டி எலும்புகள் சங்கிலி போலக் கோத்திருக்கின்றன. சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு. நான் நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கிற சுத்தியும் எதிரே இருக்கிற பட்டடையும் என் காதுக்குள்ளேயே இருந்திருக்கின்றன! செவிப்பறை பெரியது, அங்கவடி அமர்கிற சின்ன ஜன்னல் அதில் ஏறக்குறைய 17-இல் ஒரு பங்கு. பெரிய பரப்பில் வாங்கிய அதிர்வைச் சின்ன இடத்தில் குவிப்பதால்தான் உள்காதில் இருக்கிற திரவம் அசைகிறது. அங்கவடிதான் உடம்பிலேயே சின்ன எலும்பு. 3 மில்லிமீட்டர் உயரம், சுமார் 3 மில்லிகிராம் எடை. ஒரு குந்துமணி எடைக்கு நாற்பது அங்கவடி வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

எனக்குப் போயிருந்தது பட்டடை எலும்பின் நீண்ட கால். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் சீழ் பிடித்தால் முதலில் அரிப்பது பெரும்பாலும் அதைத்தானாம். சங்கிலியில் ஒரு கொக்கி தேய்ந்து அறுந்ததுபோல. சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். தோல் உள்ளே வளர்ந்து எலும்பைத் தின்கிற ஒருவகை நோய் உண்டு. அது இருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்வார்கள், கேட்பதற்கான வேலை பல சமயம் இரண்டாவது ஆபரேஷனில்தான். எனக்கு அது இல்லை.

உடனே தேதி தரவில்லை. காது காய வேண்டும் என்றார்கள். சொட்டு மருந்து, குளிக்கும்போது வாஸலின் தடவிய பஞ்சு, தலைக்குத் தண்ணீர் கூடாது. இரண்டு மாதம் அப்படி இருந்தேன். செலவுக்குச் சீட்டு எடுத்தேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா என்று அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அரித்துப்போன எலும்புக்குப் பதிலாக ஒரு துண்டு வைக்க வேண்டியிருக்கும். தேதி குறித்த அன்று டாக்டரம்மாவிடம், "அதைத் தங்கத்தில் வேணும்னா நானே செஞ்சு தரேன்" என்றேன். உண்மையாகவே கேட்டேன். தங்கத்திலும் ஒரு காலத்தில் வைத்ததுண்டு என்றும், இப்போது டைட்டானியம் அதிகம், எடை குறைவு என்றும் சொன்னார். தங்கத்தின் கனத்தில் நாலில் ஒரு பங்குகூட அது வராது. "ஆனா திறந்து பார்த்து உங்க எலும்பே நல்லா இருந்தா, அதையே செதுக்கி வெச்சிடுவேன்" என்றார். பழைய நகையை மாற்றிச் செய்வது போலத்தான். காது கேட்காமலே போகலாம், இருப்பதும் குறையலாம், தலைசுற்றல் வரலாம், முகத்தை அசைக்கும் நரம்பு அதே வழியில் ஓடுகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். ஒளிக்காமல் சொன்னதே எனக்குத் தைரியமாக இருந்தது.

காதைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். அரை மயக்கம், முகத்தின் மேல் பச்சைத் துணி. காதுக்குப் பின்னால் வெட்டி, அங்கிருக்கும் தசையின் மேலுறையை எடுத்துச் செவிப்பறைக்கு ஒட்டு வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேஜையிலிருந்து மெல்லிய டிரில் சத்தம் வலது காதில் கேட்டது. நிறுத்தி நிறுத்தி, பதமாக. வைரக்கல்லுக்குக் குழி எடுப்பவன் அப்படித்தான் எடுப்பான். என் பட்டடை எலும்பை எடுத்து, ஒரு பக்கம் சுத்தியின் காம்பு உட்காரக் காடியும், மறுபக்கம் அங்கவடியின் தலை உட்காரக் குழியும் செதுக்குகிறார்கள் என்று புரிந்தது. அதைத் திரும்ப வைக்கும்போது மேஜை சுழல்வது போல ஒரு நொடி தலை சுற்றியது.

முடிந்ததும், "கண்ணை இறுக்க மூடுங்க, பல்லைக் காட்டுங்க" என்றார்கள். முக நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. தலையைச் சுற்றிக் கட்டு. இரண்டு இரவு தங்கினோம், ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள்.

சிரமம் வீட்டுக்கு வந்த பிறகுதான். மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மிளகாய் தாளித்தால் நான் வாசல் திண்ணைக்குப் போய்விடுவேன். நாக்கின் இடது ஓரத்தில் செம்புக் காசை வைத்ததுபோல ஒரு ருசி இரண்டு மாதம் இருந்தது. ருசி நரம்பு ஒன்று அந்த எலும்புகளுக்கு நடுவே போகிறது, தொட்டால் அப்படி இருக்குமாம். என் தொழிலைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். மூன்று மாதம் ஊதுகுழல் தொடக் கூடாது. ஊதுகிற காற்று மூக்கின் பின்புறக் குழாய் வழியாக நடுக்காதுக்கு ஏறி எலும்பைத் தள்ளிவிடும். பொடி வைத்துப் பத்தவைக்கிற வேலையெல்லாம் தம்பிதான் கேஸ் டார்ச்சில் செய்தான். பளு தூக்குகிறவர்கள், நாதஸ்வரம் வாசிப்பவர்கள், யாராக இருந்தாலும் தொழிலை டாக்டரிடம் விவரமாகச் சொல்லிவிடுங்கள்.

முதல் ஒரு மாதம் ஒன்றுமே கேட்கவில்லை. உள்ளே கரையும் பஞ்சு அடைத்திருப்பதால் அப்படித்தான் என்று சொல்லியிருந்தும், ராத்திரியில் பயமாக இருக்கும். ஆறாவது வாரம் ஒரு நாள், தம்பி பத்தவைத்த மோதிரத்தைத் தண்ணீரில் போட்டான். 'சுர்ர்' என்றது. அவன் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். இன்னொன்றைப் போடச் சொல்லி, வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்டேன்.

மூன்றாம் மாத ஆடியோகிராமில் காற்று வழிக் கோடு 27-க்கு வந்திருந்தது. இடைவெளி 15. 20-க்குள் வந்தாலே நல்ல பலன் என்றார் டாக்டரம்மா. முழுசாக வலது காது போல இல்லை, கூட்டத்தில் இன்னும் குழம்பும். ஆனால் வைகாசி முதல் தேதி எங்கள் ஊர்த் திருவிழாவில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வரும்போது, கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடியே, மேளம் எந்தத் தெருவில் திரும்புகிறது என்று வீட்டில் அவளுக்குக் கை காட்டிச் சொன்னேன்.