சுங்கை சிப்புட்டில் ஒன்பது நாள்

ஜனவரி 10, 2025, வெள்ளி
பொங்கலுக்கு மலேசியாவில் பொது விடுமுறை கிடையாது. ஒரு வார விடுப்புக்கு மேலாளரிடம் நான்கு முறை கேட்க வேண்டியிருந்தது. கோலாலம்பூரில், கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ஈடிஎஸ் விரைவு ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ, அப்புறம் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட். தம்பி மோட்டாரோடு வந்து நின்றான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

ஜனவரி 11, சனி
சந்தையில் மீன்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ மூணாம் லயத்து டிராக்டர்காரர் மகதானே?" தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்தை இடித்துச் செம்பனை நட்டு இருபது வருடம் ஆகிறது. முகவரி மட்டும் இவர் வாயில் பத்திரமாக இருக்கிறது. சம்பளம் எவ்வளவு, ஏன் இளைத்துவிட்டாய், கல்யாணம் எப்போது? ஒரு கிலோ கெம்போங் மீன் வாங்குவதற்குள் மூன்று கேள்வி. கோலாலம்பூரில் என் எதிர்வீட்டில் இருப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் நான் யாரென்று தெரியாது. அதில் எனக்கு ஒரு சுகம் உண்டு, மறைப்பானேன்.

ஜனவரி 12, ஞாயிறு
தூக்கம் வரவில்லை. தவளைச் சத்தம் அவ்வளவு.

அந்தச் சுகத்தின் மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கோலாலம்பூர் வங்சா மாஜூவில் அறை தேடினேன். ரயில் நிலையத்துக்குப் பக்கம், மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்). முகவர் வாட்ஸ்அப்பில் இனிக்க இனிக்கப் பேசினார், "நாளைக்கே வந்து பார்க்கலாம்" என்றார். பெயர் கேட்டார், சொன்னேன். ஐந்து நிமிடம் பதில் இல்லை. அப்புறம், "மன்னிக்கவும், அறை போய்விட்டது." மூன்று வாரம் கழித்தும் விளம்பரம் அப்படியே இருந்தது. சில விளம்பரங்களில் இன்ன இனத்தவர் மட்டும் என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். அதுவாவது பரவாயில்லை, பேச்சு மிச்சம். ஐந்தாவது இடத்தில் ஒரு சீன மூதாட்டி, மாதாமாதம் ஒழுங்காக வாடகை வருமா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

யாரும் யாரையும் கேட்காத ஊர் என்று நான் பெருமையடிக்கிற ஊர், வீடு கொடுக்கும்போது மட்டும் முதலில் பெயரைத்தான் கேட்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்
பொங்கல். பானை பொங்கியதும் அம்மா கூவிய கூவலில் பக்கத்து வீட்டு மலாய்க் குழந்தைகள் வேலிக்கு ஓடி வந்தார்கள். கரும்பு கொடுத்தோம்.

ஜனவரி 16, வியாழன்
எட்டரை மணிக்கே கடைத்தெரு அடங்கிவிட்டது. எனக்குக் கை நமநமவென்கிறது. இந்நேரம் மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறிக்கொண்டிருப்பேன். கீழே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேறாகக் கலக்குமே, அந்த இடம். அந்தச் சேற்றுக் கூடலால்தானே ஊருக்கே கோலாலம்பூர் என்று பெயர். 50 வெள்ளிக்கு மாத அட்டை எடுத்தால் ரயில், பஸ் இரண்டிலும் முப்பது நாள் சுற்றலாம். ராத்திரி பதினொன்றுக்கு மாமாக் கடையில், அதுதான் தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், தனியாக உட்கார்ந்து தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்கலாம். "யார் கூட வந்தே?" என்று ஒருவரும் கேட்கமாட்டார். இங்கே குடித்தால் நான் வீடு சேருமுன் அம்மாவுக்குச் செய்தி சேர்ந்துவிடும்.

ஜனவரி 18, சனி
கிளம்பும்போது அத்தை தன் மகளைக் கூட்டிவந்தாள். பெண்ணுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, பிப்ரவரியில் சேர வேண்டும். "அறை எப்படித் தேடறது அக்கா?" என்றாள்.

"போன்ல பேரை முதல்ல சொல்லாதே. நேரா போய் நின்னு பேசு."

"பேரைச் சொல்லாம எப்படிக்கா பேசறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அறை கிடைக்கிற வரைக்கும் என்னோடு வந்து இரு என்று சொல்லிவிட்டேன். மூதாட்டியிடம் கேட்க வேண்டும். ஒரு பாயும் வாங்க வேண்டும்.