பந்து தொட்டால் பிரேக்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் நீளம் 15 அடி. காரின் நீளமோ 4 மீட்டருக்குச் சற்றே குறைவு, அதாவது ஏறத்தாழ 13 அடி. மிஞ்சும் 2 அடியை முன்சுவருக்கும் பின்னாலுள்ள இரும்புக் கேட்டுக்கும் சரியாகப் பங்கிடாவிட்டால், ஒன்று பம்பர் உரசும், இல்லையேல் கேட்டைச் சாத்த முடியாது.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும்போது பம்பரின் முனை பானெட்டுக்கு அப்பால் மறைந்துவிடுவதால், கண்ணளவை நம்பி இரண்டு முறை சுவரில் இடித்த பிறகுதான், கூரையிலிருந்து ஒரு பழைய டென்னிஸ் பந்தை நைலான் கயிற்றில் தொங்கவிடும் எளிய வழிக்கு வந்தேன். இதில் வரிசை முக்கியம். வெளியே ஒருவரை நிற்கவைத்து முதலில் காரைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, அதன்பின், ஸ்டீயரிங்குக்கு நேரே பந்து முன்கண்ணாடியை மெல்லத் தொடும்படி கயிற்றைக் கட்ட வேண்டும். கயிற்றை முதலில் கட்டிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியவன் நான். ஸ்டீயரிங்குக்கு நேரே இருப்பதால் இடவலமும் சரியாக அமைந்து, கதவைத் திறந்து இறங்கப் போதிய இடம் கிடைக்கிறது.

தரையில் பதிக்கும் ரப்பர் தடுப்பும் கடைகளில் உண்டு. ஆனால் அது டயர் முட்டிய பிறகே தெரியும், பந்தோ நெருங்கும்போதே கண்ணில் படுகிறது. காற்றில் பந்து ஆடும் நாட்களில் மட்டும், அது ஓயும்வரை ஷெட் வாசலில் காத்திருக்கிறேன்.