இறப்புக் காரணம் என்ற பத்தி

ஜூன் 11
விக்டோரியா காலத்து லெஸ்டர், இங்கிலாந்து; அந்நகரின் இறப்புப் பதிவேடு. ஒரு வயதுக்குக் கீழே வந்தால் காரணப் பத்தியில் திரும்பத் திரும்ப அதே சொற்கள்: இசிவு, பல் முளைப்பு, சவலை, பலவீனம், பேதி. இவற்றில் பேதி ஒன்றுதான் கொஞ்சமாவது காரணம். மற்றவை குழந்தை எப்படிக் கிடந்தது என்று மட்டும் சொல்கின்றன.

ஜூன் 12
பல் முளைத்து எந்தக் குழந்தையும் சாகாது. தாய்ப்பால் குறைந்து புட்டிப்பால் ஏறும் மாதங்களில்தான் பல்லும் எட்டிப் பார்க்கும். பழி பல்லின் தலையில். நம் பாட்டிகளும் "பல்லு மொளைக்குது, அதான் வயித்தால போகுது" என்றவர்கள்தானே.

ஜூன் 15
விகிதத்தைத் தொட்டாலே எரிச்சல். ஆண்டில் இறந்த சிசுக்களை அந்த ஆண்டுப் பிறப்புகளால் வகுத்து 1000-ஆல் பெருக்க வேண்டும். 1874-இன் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன் பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் உண்டு. 1000 பிறப்பில் 40 விட்டுப்போனால், 160 சாவுக்கு ஏடு காட்டும் விகிதம் 160 அல்ல, 167. எதிர்ப்பக்கமும் ஓட்டை: மூச்சு விட்டு இறந்த பிள்ளையைச் செத்துப் பிறந்ததென்று புதைத்துவிட்டால் இரண்டு ஏட்டிலும் இல்லை. செத்துப் பிறந்தவற்றைப் பதியத் தொடங்கியதே 1927-இல்.

ஜூன் 16
பால் புட்டியின் அந்த ரப்பர் குழாய்.

ஜூன் 20
தட்டையான கண்ணாடிப் புட்டி, மூடிக்குள் கண்ணாடிக் குழல், அதிலிருந்து நீண்ட ரப்பர் குழாய், நுனியில் காம்பு. யாரும் பிடிக்க வேண்டாம், பிள்ளை படுத்தபடியே உறிஞ்சும். குழாயின் உட்சுவரில் பால் திரிந்து ஒட்டும். தூரிகை முழுக்கப் போகாது. அடுத்த வேளைப் பால் அந்தத் திரிந்ததன் மேல்தான் ஓடும். கொல்லையில் மலக்குழி, தெருவில் குதிரைச் சாணம், இரண்டுக்கும் நடுவே ஈ.

ஜூன் 21
கோடைப் பேதியை ஆராய்ந்த அரசு மருத்துவ ஆய்வாளர் எட்வர்ட் பாலார்டின் கணக்கு: நிலத்தில் 4 அடி ஆழத்து வெப்பமானி ஏறக்குறைய 56 பாரன்ஹீட்டைத் தொட்ட பிறகே கோடைப் பேதிச் சாவு ஏறத் தொடங்கும். மண்ணில் ஏதோ கிருமி என்று நினைத்தார். கவனிப்பு சரி, காரணம் தப்பு. மண் சூடேறும் வேகமும் ஈ பெருகும் வேகமும் ஒத்துப்போனது அவர் கண்ணில் படவில்லை.

ஜூன் 24
1874-க்குப் பிறகு வைத்தியம் பார்த்த மருத்துவர் இறப்புக் காரணச் சான்று எழுதித் தந்தாக வேண்டும் என்றானது. இசிவு குறைந்தால் நோய் குறைந்ததா, பேனா மாறியதா?

ஜூன் 25
காட்ஃப்ரே கார்டியல், அழும் பிள்ளையை அடக்கக் கொடுத்த மருந்து: அபினும் வெல்லப்பாகும். மயங்கிய பிள்ளை பால் கேட்காது, வற்றிப்போகும். பத்தியில் விழுவது 'சவலை'. அபின் என்று எழுதுவார் அரிது.

ஜூன் 27
மறுபடி குழாய். ஆகஸ்ட் வாரங்களை மட்டும் திரும்ப எண்ண வேண்டும், இசிவையும் பல்லையும் பேதியோடு கூட்டி